இரண்டு முறை பிறந்த மருந்து

அப்பத்தாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு நாளைக்கு மஞ்சளாகவே இருக்கும். கோழி ஒன்று இறகை உப்பவிட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, திண்ணை ஓரம் கண்மூடி நின்றால் போதும். என்னைச் சின்னமனூர் மருந்துக்கடைக்கு விரட்டிவிடுவார். "டெட்ராசைக்ளின் நாலு வாங்கிட்டு வாடா. கோழிக்குன்னு சொல்லாத, குடுக்கமாட்டாய்ங்க. வயித்தாலன்னு சொல்லு." வாங்கி வந்த கேப்ஸ்யூலை நகத்தால் பிரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் தூளை நீச்சத்தண்ணியில் குழைத்து, கோழியைத் தொடை இடுக்கில் வைத்து அலகைப் பிளந்து ஊற்றுவார். சளி பிடித்த கோழிகளில் சில பிழைத்தன. வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழி ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது, அந்தத் தூள் வைரஸை ஒன்றும் செய்யாது என்பது எனக்குத் தெரியவே இருபது வருடம் ஆனது. அப்பத்தாவுக்குத் தெரியாமலே போய்விட்டது.

இப்போது அதே ஊர்ப்பக்கம் திராட்சைப் பந்தலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே நீளநீளமாகக் கறிக்கோழி ஷெட்டுகள் நிற்கின்றன. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். இடம், தண்ணீர், கரண்ட், உழைப்பு நம்முடையது. நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகக் கோழிவண்டி கேரளாவுக்கு ஏறும். என் தாய்மாமா ஒருவரும் அப்படி ஒரு ஷெட் வைத்திருக்கிறார். அவருடைய தீவன அறையில் ஒரு மூலையில் பழுப்பு கலந்த மஞ்சள் தூள் பை ஒன்று இருக்கும். "என்ன மாமா இது?" என்றால், "சிடிசிடா" என்பார். அதற்கு மேல் அதற்கு ஊரில் பேர் கிடையாது.

சிடிசி என்பது குளோர்டெட்ராசைக்ளின். அப்பத்தா ஊற்றிய டெட்ராசைக்ளினுக்கு மூத்தது. டெட்ராசைக்ளின் வம்சத்தில் முதல் பிள்ளை. பிறந்தபோது அதற்கு வைத்த பேர் ஆரியோமைசின். கோழிக்கும் பன்றிக்கும் வரும் சளி, கழிச்சல், மூட்டுவீக்கம் என்று பல தொற்றுகளுக்கு உலகமெங்கும் கொடுக்கப்படும் மருந்து. இதன் பிறந்த கதையைத் தேடிப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: இது இரண்டு முறை பிறந்திருக்கிறது. முதலில் மண்ணிலிருந்து, மருந்தாக. அப்புறம் சக்கையிலிருந்து, தீவனமாக. நம் பள்ளத்தாக்குக்கு மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தது அந்த இரண்டாவது பிறப்பு. முதல் பிறப்பில் நம் சென்னையில் படித்த ஒரு மனிதரின் கை இருக்கிறது. அவரை நாம் அறியவே இல்லை என்பது எனக்கு ஆறவில்லை.

எங்கள் பக்கம் 1895 என்ற வருடத்தைச் சின்னப்பிள்ளையும் சொல்லும். பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை திறந்து, மேற்கே கடலுக்குப் போன தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே எங்களுக்குத் திரும்பிய வருடம். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள், லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அதே 1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்து பீமாவரத்தில் நான் சொன்ன அந்த மனிதர், எல்லாப்பிரகட சுப்பாராவ், பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறியவர். அப்புறம் மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் பேச்சைக் கேட்டு அறுவை சிகிச்சை அங்கியையும் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கைக்கு எட்டாமல், ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. கொஞ்ச காலம் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஸ்ப்ரூ என்ற ஓயாத கழிச்சல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைச் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோயிருந்தது. அந்தக் காயத்தோடுதான் அவர் 1920-களில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார்.

ஹார்வர்டில் படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் இரவுக் கூலி வேலை பார்த்தார். ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் முறையைச் சக ஆய்வாளர் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925-ல் வெளியிட்டார். உலகத்தில் உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை இன்றும் பாடம். ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போய், பின்னர் அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். நம் ஊர்க் கிராம நர்ஸ் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்யும் வழி அவருடைய குழுவில்தான் பிறந்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அதுவே மருந்தானது. யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அங்கிருந்துதான்.

இந்த சுப்பாராவின் கூடத்துக்கு, வேறு இடத்தில் வயதாகிவிட்டது என்று ஓய்வு கொடுத்து அனுப்பிய ஒருவர் வந்து சேர்ந்தார். பேர் பெஞ்சமின் டுகார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். காளான் வளர்ப்பைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். வயது எழுபது தாண்டியிருந்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து புது மருந்து தேடுவது அவருக்குக் கொடுத்த வேலை. பென்சிலின் வந்திருந்தது, 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணிலிருந்து கிடைத்திருந்தது. டுகார் நாடு முழுக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டு மண் கேட்டார். மிசூரி பல்கலைக்கழகத்தில் மண்ணியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஆல்பிரெக்ட், 1945-ல் அங்குள்ள சான்பார்ன் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து மண் அனுப்பினார்.

அதில் ஒரு பொட்டலம் 23-ம் எண் பாத்தியின் மண். 1888-லிருந்து அந்தப் பாத்தியில் திமோதி என்ற தீவனப் புல் மட்டும்தான் விளைந்துகொண்டிருந்தது. எரு, உரம் என்று ஒரு பிடி போடவில்லை. மாற்றுப்பயிர் வைக்கவில்லை. ஐம்பத்தேழு வருடமாகச் சும்மா புல் மட்டும். எங்கள் ஊர்ச் சம்சாரி பார்த்தால் செத்த மண் என்று காறித் துப்பிவிட்டுப் போவார். அந்த மண்ணில்தான் ஏ-377 என்று எண் போட்ட நுண்ணுயிர் இருந்தது. பூஞ்சாணம் போல இழை விட்டு வளரும் பாக்டீரியா; தட்டில் வளர்த்தால் தங்க மஞ்சளாகப் பூத்தது. அதைச் சுற்றி இருந்த மற்ற கிருமிகள் வளரவில்லை. பொன் செய்யும் உயிர் என்ற பொருளில் லத்தீன் வைத்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆரியோஃபேசியன்ஸ் என்று பேரிட்டார் டுகார். அது சுரந்த மருந்து ஆரியோமைசின்.

முதல் சாரல் விழுந்ததும் பள்ளத்தாக்கு முழுக்க எழும்புமே மண்வாசனை, அந்த வாசனையை உண்டாக்குவதும் இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கூட்டம்தான். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மழை வந்ததும் மூக்கை நிறைக்கிற அந்த வாசனைக்குப் பக்கத்திலேயே இத்தனை காலமும் மருந்தும் இருந்திருக்கிறது.

ஆரியோமைசின் கிருமியைக் குத்திக் கொல்வதில்லை. கிருமியின் உடலுக்குள் புரதம் செய்யும் பட்டறைகள் உண்டு, ரைபோசோம் என்பார்கள். மூலப்பொருள் வந்து உட்காரும் இடத்தில் இந்த மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டறை நின்றுவிடும்; கிருமி பெருகாது; மிச்சத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி பார்த்துக்கொள்ளும். பென்சிலின் கிருமியின் சுவரை உடைக்கும். கோழிச் சளிக்குக் காரணமான மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது, ஆகையால் பென்சிலினுக்கு அது அசையாது. டெட்ராசைக்ளின் வகைக்கு அசையும். அப்பத்தாவின் சளிக்கோழிகள் சில பிழைத்த ரகசியம் இதுதான்.

மனிதருக்கு இதை முதன்முதலில் கொடுத்துப் பார்த்தவர் நியூயார்க் ஹார்லெம் ஆஸ்பத்திரியின் கறுப்பின அறுவை மருத்துவர் லூயிஸ் ரைட். 1948 ஜூலையில் நியூயார்க் அறிவியல் கழகக் கூட்டத்தில் ஆரியோமைசினை உலகத்துக்கு அறிவித்தார்கள். அதற்குச் சில வாரங்களில், ஆகஸ்ட் மாதம், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53. அத்தனை வருடம் அங்கே உழைத்தும் அமெரிக்கக் குடியுரிமை இல்லாமலே போனார். பின்னாளில் ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று பேர் வைத்தார்கள். 1995-ல் நம் அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. நம் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சுவரிலும் அவர் படத்தை நான் பார்த்ததில்லை.

முதல் பிறப்பு அத்தோடு முடிந்தது. சுப்பாராவ் இறந்து நான்கே மாதத்தில், அதே லெடர்லி வளாகத்தில், இரண்டாம் பிறப்பு நடந்தது.

தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்று அங்கே இருவர். ஃபோலிக் அமில வேலையில் கோழிக்குஞ்சுகளை வைத்துச் சோதித்துப் பழகியவர்கள். அப்போது கோழித்தீவனத்தில் மீன்தூள் சேர்க்காவிட்டால் குஞ்சு வளராது, மீன்தூளோ விலை. சோயா மட்டும் போட்டால் குஞ்சு சவலையாகிவிடும். பிராணி உணவில் இருக்கும் ஏதோ ஒன்று குறைகிறது என்று தெரிந்தது. 1948-ல் அது வைட்டமின் பி-12 என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் ஈரலிலிருந்து எடுக்க வேண்டும், கட்டுப்படி ஆகாது. மருந்து வடித்தபின் தொட்டியில் மிஞ்சும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சக்கையில் பி-12 இருக்குமே என்று ஜூக்ஸுக்குத் தோன்றியது. குஞ்சுகளைப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வெறும் சோயா, ஒன்றுக்கு ஈரல் சாறு, ஒன்றுக்குச் சக்கை என்று வெவ்வேறு தீவனம் வைத்தார்கள்.

1948 கிறிஸ்துமஸ் அன்று எடை போடும் நாள். ஆட்கள் எல்லாரும் விடுமுறையில் போய்விட்டார்கள். ஜூக்ஸ் தனியாக வந்து ஒவ்வொரு குஞ்சாகத் தராசில் வைத்தார். சக்கை தின்ற குஞ்சுகள்தான் எல்லாவற்றையும்விடக் கனம். ஈரல் சாறு தின்றவற்றையும் அவை தாண்டியிருந்தன. வைட்டமின் மட்டும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. சக்கையில் ஒட்டியிருந்த துளி ஆரியோமைசின்தான் செய்திருக்கிறது.

எனக்கு அந்தத் தராசு கண்ணைவிட்டு அகலவில்லை. உள்ளங்கை அளவுக் குஞ்சு, நோய் ஒன்றும் இல்லாத குஞ்சு. மருந்து தின்றதால் கனத்தது. நோய்க்காக மண்ணைத் தோண்டி எடுத்த ஒன்று, நோயில்லாத உயிரின் எடைக்காக அளக்கப்பட்டது அந்தத் தராசில்தான். ஜூக்ஸ் கெட்டவர் இல்லை. பசித்த உலகத்துக்கு மலிவாகக் கறி வேண்டும் என்று நினைத்தவர், கடைசிவரை தன் கண்டுபிடிப்பைச் சரியென்றே வாதாடியவர். ஆனால் அந்த ஒருநாள் எடைக்கணக்கு இன்றைக்கும் நம் ஷெட்டுகள்வரை வந்து நிற்கிறது.

சக்கையைப் பன்றிகளுக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். பன்றிக்குட்டிகளின் கழிச்சல் நின்றது, எடை ஏறியது. 1950 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ், இந்த அதிசய மருந்தால் பிராணிகளின் வளர்ச்சி 50 சதவீதம் வரை கூடுவதாக எழுதியது. 1951-ல் அமெரிக்க அரசு தீவனத்தில் கலக்க அனுமதி கொடுத்தது. ஏன் எடை கூடுகிறது என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே விளக்கம் இன்றும் கிடையாது. குடலில் கிருமிகளின் போட்டி குறைகிறது, குடல் சுவர் மெலிகிறது, மறைந்திருக்கும் சிறு தொற்றுகள் அடங்குகின்றன என்று பல சொல்கிறார்கள். விளக்கத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. அறுத்த கோழியை மருந்துத் தண்ணீரில் முக்கி விற்கும் வழக்கமும் 1950-களில் வந்தது. 1966-ல் தடை செய்தார்கள். இன்றைக்கும் தீவனத்தில் கலக்க வரும் சிடிசி பெரும்பாலும் சுத்தம் செய்த மருந்து இல்லை. நுண்ணுயிரின் உடலோடு சேர்த்து உலர்த்திய கலவை. பையில் பழுப்பு நிறம் அதனால்தான். அந்தக் கிறிஸ்துமஸ் சக்கையின் நேர் வாரிசு.

இந்த மருந்துக்கும் எலும்புக்கும் ஒரு பந்தம் உண்டு. சுண்ணாம்புச் சத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பு அதிகமான போர்த் தண்ணீரிலோ, கிளிஞ்சல் தூள் சேர்த்த முட்டைக்கோழித் தீவனத்திலோ கலந்தால் பாதி வேலை செய்யாது. வளரும் எலும்பிலும் பல்லிலும் போய்ப் படியும். சிறு பிள்ளைகளுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்தால் பல் மஞ்சளாகும் என்று டாக்டர்கள் தடுப்பது இதற்காகத்தான். அந்த எலும்பைப் புறஊதா வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். சூடான் நாட்டில் தோண்டியெடுத்த, சுமார் 1,500 வருடத்துக்கு முந்தைய நூபிய மக்களின் எலும்புகள் அப்படி ஒளிர்ந்ததை 1980-ல் ஆர்மிலாகோஸ் குழுவினர் எழுதினார்கள். குதிரில் வைத்த தானியத்தில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிடித்து, அந்தத் தானியத்தில் காய்ச்சிய பியர் வழியாக உடம்புக்குள் போயிருக்கிறது. மருந்துக் கம்பெனி பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால், தெரியாமலே குடித்திருக்கிறார்கள்.

தெரியாமலே என்ற இந்த வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. 1970-களில் ஸ்டுவர்ட் லெவி என்ற மருத்துவர் மாசசூசெட்ஸில் ஒரு சின்னப் பண்ணையில் 300 குஞ்சுகளை விட்டார். பாதிக்குச் சாதாரணத் தீவனம், பாதிக்கு இதே வம்சத்து ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த தீவனம். சில நாளிலேயே மருந்து தின்ற கோழிகளின் குடல் கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காமல் போயின. சில மாதத்தில், அந்தப் பண்ணையில் குடியிருந்த, மருந்தை வாயில் வைக்காத குடும்பத்தாரின் குடலிலும் அடங்காத கிருமிகள் வந்துவிட்டன. மருந்தை நிறுத்தியபின் மெல்ல மெல்லக் குறைந்தன. 1976-ல் இதை அவர் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1969-ல், பிரிட்டனில் ஸ்வான் குழு, மனிதருக்குத் தேவைப்படும் மருந்தை எடை கூட்டத் தீவனத்தில் போடாதீர்கள் என்று சொல்லியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அந்த வழக்கம் நிற்க 2006 ஆனது.

நம் நாட்டில் 2014-ல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், டெல்லிப் பக்கத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்து 40 சதவீதத்தில் மருந்து எச்சம் இருந்ததாகச் சொன்னது. அகப்பட்டவற்றில் குளோர்டெட்ராசைக்ளினும் ஒன்று. மனிதருக்குக் கடைசிக் கை மருந்தான கொலிஸ்டினைக் கோழிக்கும் பன்றிக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. சிடிசி இன்னும் சட்டப்படி மருந்துதான். மருந்தாக இருக்கட்டும். நோய் கண்டால், கண்டவர் சொன்னால், சொன்ன அளவில் கொடுக்கட்டும். அறுப்புக்கு முன் நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தட்டும். அதற்கு மேல் ஒரு பிடி போட்டாலும் அது ஜூக்ஸின் தராசுக்குப் போடுவது.

போன ஜூலையில் மாமா ஷெட்டில் ஒருநாள் இருந்தேன். மேற்கே மலையில் சாரல் இறங்கியிருந்தது, பள்ளத்தாக்குக் காற்று ஆளைத் தள்ளியது. குஞ்சுக்குக் குளிரும் என்று இரண்டு பக்கமும் படுதாவை இழுத்துக் கட்டியிருந்தார். உள்ளே போனதும் கண் எரிந்தது. இருபத்திரண்டு நாள் கோழிகள். உன்னிப்பாகக் கேட்டால் அங்கங்கே 'கொர்... கொர்...' என்று சளிச் சத்தம். காலையில் ஒன்பது செத்திருந்தன. மாமா தீவன அறைப் பக்கம் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகள் முந்திக்கொண்டு, தெரிந்த ஒரு கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டுவிட்டாள். தேனியிலேயே 2020-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அந்தப் பிள்ளைகளில் சிலரைப் பார்த்துப் பழகியவள்.

வந்த மருத்துவர் காலியான தீவனச் சாக்கை வரப்பில் விரித்து, செத்த கோழி ஒன்றை மல்லாத்தி, கத்தரிக்கோலால் மார்பைத் திறந்தார். "இங்க பாருங்கண்ணே. காத்துப்பை பாலிதீன் கவர் மாதிரி பளபளன்னு தெரியணும்." தெரியவில்லை. பால் தெளித்த மாதிரி மங்கிக் கிடந்தது. இதயத்தின்மேல் வெள்ளையாக ஒரு ஏடு, ஆறிய பாலின் ஆடை போல. மூச்சுக்குழலைக் கீறினால் நூல் நூலாகச் சளி. "முதல்ல மைக்கோபிளாஸ்மா, மேல ஈ-கோலை ஏறியிருக்கு" என்றார். ஒரு சின்னப் பஞ்சுக்குச்சியில் தொட்டெடுத்து, கண்ணாடிக் குழாயில் போட்டு மூடி, எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது என்று பார்க்க ஆய்வகத்துக்கு என்று எழுதினார்.

"ரிசல்ட் வர்றவரைக்கும்?" என்றார் மாமா. மருத்துவர் குனிந்து தரையில் பரப்பியிருந்த தேங்காய் நார்த்தூளை ஒரு பிடி அள்ளி இறுக்கினார். பிடி உதிராமல் கொழுக்கட்டையாக நின்றது. "இது இப்படி ஈரமா இருந்தா அமோனியா ஏறும். அமோனியா மூச்சுக்குழல அரிச்சுட்டா எந்த மருந்து போட்டும் நிக்காது. முதல்ல இதக் கிளறிவிடுங்க. காத்து விடுங்க." மருந்து வேண்டும் என்றால் முடிவு வந்தபின் சொல்கிறேன், எத்தனை நாள் கொடுக்கணும், எந்தத் தேதியில் நிறுத்தணும் என்பதையும் எழுதித் தருகிறேன் என்றார்.

மாமா படுதாக் கயிற்றைத் தளர்த்தி மேலே ஒரு முழம் இடைவெளி விட்டார். சாரல் காற்று உள்ளே வந்தது. அவர் மகள் தீவன அறைக் கதவில் சாக்பீஸால் அன்றைய தேதியை எழுதி, பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு வைத்தாள்: ஒன்று மருந்து தொடங்கும் தேதிக்கு, இன்னொன்று நிறுத்தும் தேதிக்கு. அப்போது இரண்டும் காலியாக இருந்தன.